கணிப்பொறிக்கு முதுமையா, நினைவுப் பஞ்சமா?

மனிதர்க்கு வயது ஏறினால் நடை தளரும், நினைவு மங்கும். இஃது இயற்கை. கணிப்பொறிக்கும் அப்படியே வயது ஏறுகிறது, நடை தளர்கிறது என்று நாம் எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அதுதான் எனக்கு உடன்பாடில்லாத செய்தி. ஆய்வுக்கூடத்தில் ஒரு பொறியின் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறோம். அம்புக்குறி நகர மறுக்கிறது. திரை வெளுத்து நிற்கிறது. உடனே, ‘கிழட்டு மெஷின்! இதைக் கண்டம் பண்ணிவிட்டுப் புதிது வாங்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். நாடி பிடித்துப் பாராமலே பாடைக்குச் சொல்லி அனுப்புவது போன்ற தீர்ப்பு இது.

நான் சொல்ல வருவது இதுதான். அரசு கலைக் கல்லூரிகளில் ‘கிழடு’ என்று பெயர் வாங்கிய பொறிகள் பல கிழடுமல்ல, நோயாளியுமல்ல. அவை பட்டினி கிடக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது கூடுதல் நினைவகம். கடைக்காரர் வாய்மொழியில் ‘ரேம்’. அதைக் கொடுத்துப் பார்க்காமல் ஒரு பொறியையும் கழிக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் ஒரு கேள்வி. கணிப்பொறியில் வயதாவது எது? விசிறியில் தூசு படியும். சுழலும் ஹார்டு டிஸ்க் தேயும். மதர்போர்டில் காசு போல ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து போய், தேதி பழைய ஆண்டில் போய் நின்றுகொள்ளும். இவையெல்லாம் உண்மையே. ஆனால் கணக்குப் போடும் சில்லு இருக்கிறதே, அது அன்று போட்ட வேகத்திலேயே இன்றும் கணக்குப் போடுகிறது. 2011-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ‘கோர் ஐ3-2120’ என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் துடிப்பு விநாடிக்கு 330 கோடி. அன்றும் 330 கோடி; இன்றும் 330 கோடி. அந்தச் சில்லோடு 2 ஜி.பி. ரேம் வைத்து விற்ற பொறிகள் ஏராளம். அந்த 2 ஜி.பி.யும் இன்றுவரை கரைந்து போய்விடவில்லை. அப்படியானால் குறைந்தது எது?

எதுவும் குறையவில்லை. ஏற்றுகிற சுமைதான் கூடியிருக்கிறது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அது கேட்ட குறைந்த அளவு நினைவகம் 64 மெகாபைட். 2015-இல் வந்த விண்டோஸ் 10-இன் 64 பிட் பதிப்பு கேட்டது 2 ஜி.பி. 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. இருபதே ஆண்டுகளில் 64 மடங்கு! அதுவும் ‘குறைந்த அளவு’ என்று நிறுவனத்தார் சொல்வது, பந்தியில் உட்கார இடம் உண்டு என்பது போலத்தான். இலையில் சோறு விழும் என்று அதற்குப் பொருளன்று.

இணையத்தைக் காட்டும் உலாவியின் கதையும் இதுவே. கூகுளின் குரோம் 2008-இல் வந்தபோதே, ஒரு பக்கம் கெட்டால் மற்றப் பக்கங்கள் விழாதிருக்கும் பொருட்டு, அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டியது. 2018-இல் ‘ஸ்பெக்டர்’ என்னும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அதன் பின் ஒவ்வோர் இணையத்தளத்தையும் தனி அறையில் பூட்டிவைக்கும் முறையைக் குரோம் மேற்கொண்டது. இதனால் நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் வரை கூடும் என்று கூகுளே அப்போது அறிவித்தது. நம் பாதுகாப்புக்காகச் செய்த நல்ல காரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குரிய விலையை 2 ஜி.பி. பொறியின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லவா கொடுத்தார்கள்!

பாஸ்கல் மொழியைப் படைத்த சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், 1995-இலேயே இதைப் பற்றி மனம் நொந்து ஒரு கட்டுரை எழுதினார். பொறிகள் வேகம் பெறுவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டு போகிறது என்பது அவர் முறையீடு. 1969-இல் இருவரை நிலவில் இறக்கிய அப்பல்லோ ஓடத்துக் கணிப்பொறியின் எழுதி அழிக்கத்தக்க நினைவகம் 2,048 சொற்கள்; ஏறக்குறைய 4 கிலோபைட். இன்று ஒரு பூவின் படத்துக்கே அது போதாது. கணிப்பொறித் துறை நண்பர்கள் நிரல் எழுதும்போது இதைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் உலகத்து மென்பொருளெல்லாம் உடல் மெலியும் வரை நம் மாணவர்கள் காத்திருக்க முடியாது.

நிற்க. நினைவகம் போதாவிட்டால் பொறி ஏன் இவ்வளவு தள்ளாடுகிறது? துறை வேறான நண்பர்களுக்காக ஒரு மளிகைக் கடையை வைத்துச் சொல்கிறேன். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தட்டு. அதில் பருப்பு, மிளகாய், சீரகம். அதுதான் ரேம். சரக்கு முழுவதும் இருப்பது கிடங்கில். அது ஹார்டு டிஸ்க். தட்டில் இருக்கும் பொருளைக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார். தட்டில் இல்லாததைக் கேட்டால் கிடங்குக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இதில் என்ன கெட்டுவிட்டது என்பீர்கள். தூரத்தைக் கணக்கிட்டால் தெரியும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு ஆகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி விநாடி. ஊசி இடம் தேடி நகரும் நேரத்தையும் சேர்த்தால் விநாடியில் நூறில் ஒரு பங்கு. இரண்டுக்கும் ஒரு இலட்சம் மடங்கு வேறுபாடு. தட்டிலிருந்து எடுக்க அண்ணாச்சிக்கு ஒரு விநாடி என்றால், கிடங்குக்குப் போய்வர ஒரு இலட்சம் விநாடி. அதாவது ஒரு நாளும், ஏறக்குறைய நான்கு மணி நேரமும்! ‘கால் கிலோ துவரம்பருப்பு’ என்று கேட்டவர் மறுநாள் வரை கடை வாசலில் நிற்க வேண்டும்.

தட்டு சிறியதாக இருந்தால் இதைவிடப் பெரிய கூத்து உண்டு. பருப்பை வைக்க இடமில்லாததால் சீரகத்தைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்புவார். அடுத்த ஆள் சீரகம் கேட்பார். பருப்பை அனுப்பிவிட்டுச் சீரகத்தைக் கொண்டுவருவார். அதற்கடுத்த ஆள் பருப்பு! வியாபாரம் நின்றுபோய், போக்கும் வரத்துமே வேலையாகிவிடும். பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1968-இல் இந்நிலையை ஆராய்ந்து எழுதினார். ‘திராஷிங்’ என்று அதற்குப் பெயர். பொறியின் முகப்பில் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்க, திரையில் ஒன்றும் நிகழாமல் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவே இது. இங்கே அண்ணாச்சிக்குக் கால் வலுவில்லை என்று சொல்லி அவரை மாற்றிப் பயனில்லை. தட்டைப் பெரிதாக்க வேண்டும்.

இதில் நட்டப்படுவது யார் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் கணிப்பொறி உள்ளவர்க்கு ஆய்வுக்கூடத்துப் பொறி நின்றால் எரிச்சல், அவ்வளவுதான். கல்லூரிக்கு வந்த பிறகே விசைப்பலகையைத் தொட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பொருளியல் படிக்கும் தோழி ஒருத்தியின் அருகில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். எக்செல் திறப்பதற்காக ஒரு முறை அழுத்தினாள், ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாம் முறையும் அழுத்தினாள். இரண்டு நிமிடம் கழித்து மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறந்துகொண்டு நின்றன. “எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் வராதுப்பா” என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. பொறியின் பசியைத் தன் மந்தம் என்று எடுத்துக்கொண்டாள். அந்த எண்ணம் ஒருமுறை மனத்தில் விழுந்துவிட்டால், பிறகு எத்தனை புதிய பொறி வாங்கி வைத்தாலும் அதை எடுப்பது எளிதன்று. உதவித்தொகைக்கும் வேலைக்கும் விண்ணப்பம் முதல் நுழைவுச்சீட்டு வரை எல்லாம் இணையத்தின் வழியே நடக்கும் காலத்தில், இது சிறிய இழப்பா?

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரௌசிங் சென்டர் உண்டு. கடைசித் தேதி மாலையில் நம் மாணவர்கள் காசு கொடுத்து விண்ணப்பம் போடுவது அங்கேதான். அங்கிருக்கும் பொறிகள் நம்முடையவற்றைவிடப் புதியவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் கேட்டுப் பார்த்தேன். அதே ஐ3, அதே காலத்துச் சரக்கு! உரிமையாளர் சிரித்தார். “தம்பி, மெஷின் மேல பழி போடாதீங்க. 2 ஜி.பி.ல என்ன ஓடும்? எல்லாத்துலயும் 8 போட்டுட்டேன். பழைய ரேம்தான், ரிச்சி தெருவுல வாங்குனது” என்றார். சொந்தக் காசு போட்டுத் தொழில் நடத்துகிற ஒருவர் செய்த கணக்கு இது. அவர் பொருளியல் படித்தவரல்லர்.

இனி, இதற்கு வரும் மறுப்புகளைப் பார்ப்போம். பழையன கழிவது தவறன்று என்று நன்னூலாரே சொல்லியிருக்கிறாரே என்று தமிழ்த்துறை நண்பர் ஒருவர் மடக்கினார். நன்னூலார் சொன்னது மொழி வழக்கைப் பற்றி; மதர்போர்டைப் பற்றியன்று. அவரும் கால வகையால் கழிவதைச் சொன்னாரேயன்றி, பாராமல் கழிப்பதைச் சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க இன்டெல் சில்லாயின் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ3-2120 இரண்டாம் தலைமுறை. இதற்குப் போய் நினைவகம் சேர்ப்பானேன் என்று கேட்கலாம். அதற்குத்தான் லினக்ஸ் இருக்கிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் தமிழிலேயே பேசும். சி, பைத்தான், தட்டச்சு, அட்டவணைக் கணக்கு ஆகியவற்றுக்கு அதில் குறையொன்றுமில்லை. ‘அப்படியானால் லினக்ஸ் மட்டும் போதுமே, ரேம் எதற்கு?’ என்று உடனே ஒரு சாரார் எழுவர். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. லினக்ஸ் அடக்கமாக உட்காரும் என்பது மெய்யே. ஆனால் அதன் மேல் ஓடுகிற உலாவி அதே உலாவிதானே! வீட்டுக்காரர் சிக்கனமானவராக இருந்தாலும் வரும் விருந்தாளி சாப்பிடுவதைச் சாப்பிடத்தான் செய்வார். இரண்டும் வேண்டும்.

சேர்ப்பது அத்தனை அரிய வித்தையன்று. ரேம் என்பது அரைச் சாணுக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள பச்சைப் பட்டை. அடியில் பொன்னிறப் பற்கள். பொறியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, திறப்பு விசையை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடியவிட வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, நம் உடம்பில் தேங்கிய நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். பிறகு பட்டையின் வெட்டு, பொருத்துவாயின் மேட்டில் சரியாக உட்காரும்படி வைத்து இருபுறமும் அழுத்தினால், ‘டிக்’ என்ற ஓசையோடு பூட்டிக்கொள்ளும். பொருந்தாவிட்டால் பொறி பீப் பீப் என்று அழும். பயப்பட வேண்டியதில்லை. கழற்றிப் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்துவது கடைக்காரர்கள் எல்லாரும் செய்யும் கைவைத்தியம், பெரும்பாலும் பலிக்கிறது.

அறிவு வேண்டியது, வாங்குவதற்கு முன். பட்டைகளில் சாதி பல. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 பற்கள். ஆனால் வெட்டு வேறிடத்தில், மின்னழுத்தமும் வேறு. முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5 வோல்ட். டி.டி.ஆர்.4-க்கு 288 பற்கள், 1.2 வோல்ட். ஒன்று இன்னொன்றின் இடத்தில் உட்காராது. நாம் பேசிக்கொண்டிருக்கும் ஐ3 இனத்துக்கு டி.டி.ஆர்.3. அதனோடு பரவலாக வந்த ‘எச்61’ மதர்போர்டில் இரண்டு பொருத்துவாய்கள். ஒன்றில் 8 வீதம் 16 ஜி.பி. வரை ஏற்கும். அதற்கு முந்திய ‘ஜி41’ இனமாயின் மொத்தமே 8 ஜி.பி.தான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 4 ஜி.பி. பட்டையில் இருபுறமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லுகள் இருக்க வேண்டும். ஒரு புறம் மட்டும் எட்டு உள்ளதை அது சரிவர ஏற்காது. கடையில் மிக மலிவாக ஒரு வகை டி.டி.ஆர்.3 பட்டை கிடைக்கும். ‘ஏ.எம்.டி. பொறிக்கு மட்டும்’ என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். அதை இன்டெல் பொறியில் போட்டுவிட்டு, ‘பார்த்தீர்களா, இந்த மெஷின் உதவாது என்று சொன்னேனே’ என்பவர்கள் உண்டு.

இன்னொரு பொறி 32 பிட் விண்டோஸ். (‘பொறி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருளும் இருப்பது எவ்வளவு வசதி!) அது 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. அந்த நான்கிலும் மற்ற உறுப்புகளின் முகவரிக்கு ஒதுக்கியது போக மூன்று, மூன்றேகால்தான் கைக்கு வரும். 8 ஜி.பி. போட்டும் வேகம் வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. 64 பிட் பதிப்பை ஏற்றினாலொழியப் போட்ட ரேம் மேசை டிராயரில் இருப்பதற்குச் சமம்.

பழைய பட்டையை நம்பலாமா என்றும் கேட்கிறார்கள். நம்பலாம் என்பேன். ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றுவரை ரேமின் அடிப்படை. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சிறு மின்தேக்கி. இவை சேர்ந்து ஒரு பிட். மின்தேக்கி ஓட்டைக் குடம். ஊற்றிய மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லி விநாடிக்குள் எல்லாக் குடத்தையும் ஒருமுறை நிரப்பிவிடுகிறார்கள். சுழலும் உறுப்பில்லை, உரசும் உறுப்பில்லை, எழுதி எழுதித் தேய்வதுமில்லை. இரண்டாங்கை மோட்டார் வண்டி வாங்கும்போது வரும் அச்சம் இங்கே வேண்டாம். வேண்டுமானால் ‘மெம்டெஸ்ட்86+’ என்னும் இலவச நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒரு பிழை காட்டினாலும் அந்தப் பட்டை வேண்டாம்.

ரேம் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. 8 ஜி.பி. இருந்து அதில் பாதிகூட நிரம்பாத பொறிக்கு இன்னும் 8 சேர்த்தால், தட்டில் வெற்றிடம் கூடுமேயன்றி வியாபாரம் கூடாது. ஆகவே முதலில் அளக்க வேண்டும். விண்டோஸில் ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து, நாம் அன்றாடம் செய்யும் வேலையைச் செய்துகொண்டே நினைவகக் கோட்டைப் பார்த்தால் போதும். கோடு உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றால் பட்டினி. இல்லையேல் குறை வேறு. பல சமயம் அந்த வேறு, ஹார்டு டிஸ்க். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. வைத்தால் கிடங்கு பக்கத்துத் தெருவுக்கே வந்துவிடும். நம் அண்ணாச்சி கணக்கில் ஒரு நாளுக்கு மேலான நடை ஏறக்குறைய பதினேழு நிமிடமாகக் குறையும். பதினேழு நிமிடமும் ஒரு வாடிக்கையாளர்க்கு அதிகந்தான் என்பதால், 2 ஜி.பி. பொறிக்கு முதலில் ரேம், பிறகு எஸ்.எஸ்.டி. என்பேன். 4 ஜி.பி. உள்ளதற்கு இரண்டில் எது முதலில் என்பதை அளவுகோடு சொல்லட்டும். டி.டி.ஆர்.1 காலத்துப் பென்டியம் 4 பொறிகளுக்காக நான் வழக்காட வரவில்லை. அவை நன்றாக உழைத்துவிட்டன, அனுப்பிவிடலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரேம் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதால் உலகெங்கும் அவற்றின் விலை ஏறியது. புதிய பொறியின் விலையிலும் அந்த ஏற்றம் அடங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் வாங்குவதற்கு முன் நம் ஆய்வுக்கூடங்களின் மூலையைச் சற்றுப் பாருங்கள். மேலே துணி போர்த்தி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கண்டம் செய்யும் உத்தரவுக்காகக் காத்திருக்கும் பொறிகள்! ஒன்றில் பவர் சப்ளை போயிருக்கும். ஒன்றில் மதர்போர்டு வீங்கியிருக்கும். அவற்றுக்குள்ளிருக்கும் ரேம் பட்டைகளில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கும். ஒரே சாதிப் பொறிகளாயின், செத்த பத்திலிருந்து எடுத்த பத்துப் பட்டைகளை உயிருள்ள பத்தில் காலியாயிருக்கும் இரண்டாம் பொருத்துவாயில் வைத்தால், பத்தும் 4 ஜி.பி. ஆகிவிடும். இணைப் பட்டைகள் இருபுறம் உட்காரும்போது நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே பாதையும் இரட்டிக்கும். 1333 வகைப் பட்டைக்கு ஒரு பாதையில் விநாடிக்கு 10.6 ஜி.பி. என்பது இரண்டில் 21-ஐத் தாண்டும். இதற்கு டெண்டர் வேண்டாம்.

‘இருப்புப் பதிவேட்டில் கணிப்பொறி ஒன்று என்றுதான் இருக்கிறது, உள்ளேயிருப்பதைப் பிடுங்கினால் தணிக்கையில் கேள்வி வருமே’ என்பது ஆசிரியர்களின் அச்சம். நியாயமான அச்சம். பின்னால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. எனவே, எந்த எண்ணுள்ள பொறியிலிருந்து எந்த எண்ணுள்ள பொறிக்கு எத்தனை ஜி.பி. போயிற்று என்று ஒரு பக்கத்தில் எழுதி, துறைத்தலைவரும் முதல்வரும் ஒப்பமிட்டு, அந்தப் பக்கத்தைப் பதிவேட்டோடு சேர்த்துவிடலாம் அல்லவா? பொருள் கல்லூரியை விட்டு வெளியே போகவில்லை; ஓர் அறையில் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போயிருக்கிறது. கழிவுப் பட்டியல் தயாரிக்கும்போதே ரேம், ஹார்டு டிஸ்க் இரண்டுக்கும் தனிக் கட்டம் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

கழித்த பொறி எங்கே போகிறது என்பதையும் நாம் கேட்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறைப்படி சேகரிக்கப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதமே என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பிறக்கும்போதே ஒரு கணிப்பொறி தின்றுவிட்டுத்தான் பிறக்கிறது. குழாய்த் திரையோடு கூடிய ஒரு மேசைப் பொறியைச் செய்து முடிக்க 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருள்களும், 1,500 கிலோ தண்ணீரும் ஆயின என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2004-இல் கணக்கிட்டது. ஒரு பட்டை ரேமுக்காக அதையெல்லாம் மறுபடியும் செலவழிப்பது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை.

வேலையைச் செய்வதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கணிப்பொறி அமைப்பைப் பற்றிக் கரும்பலகையில் படம் வரைந்தே படித்துவிட்டு வெளியேறும் மாணவர்கள் நாம். ரேமைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர்கூட இல்லை. பேராசிரியர் ஒருவர் அருகில் நின்றால் போதும். இருவர் திறக்க, ஒருவர் எண்ணை எழுத, ஒருவர் பொருத்தலாம். எதற்கும் ஒட்டாமல் எஞ்சும் 1 ஜி.பி. டி.டி.ஆர்.2 பட்டைகளையும் எறிய வேண்டியதில்லை; அவற்றை ஒரு தட்டில் வைத்து முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டலாம். தேர்வு முடிந்து ஆய்வுக்கூடம் பூட்டப்படுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை இதற்குப் போதும். முதல்வர் அவர்கள் அனுமதித்தால் நாங்கள் வரத் தயார். ஸ்குரூ டிரைவரும் ரப்பரும் நான் கொண்டுவருகிறேன்.